அப்புச்சியின் சைக்கிளும் ஆடிக் காற்றும்

கேரியர் என்றால் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? எனக்குத் தெரிந்து நம் குடும்பங்களில் மூன்று கேரியர்கள் உண்டு. ஒன்று, சாம்பாரும் ரசமும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் அடுக்கடுக்காக உட்கார்ந்து ஆபீசுக்குப் போகிற டிபன் கேரியர். இரண்டாவது, சைக்கிளுக்குப் பின்னால் இருக்கிறதே, அது. அதில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அதன் கம்பி பதிந்த இடம் இன்னும் மறந்திருக்காது. மூன்றாவது, காரின் தலைமேல் மாட்டுகிற கேரியர். முதல் இரண்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, சகோதரிகளே! மூன்றாவதைப் பற்றிப் பேசும் யோக்கியதை எனக்கே போன ஆடி மாதத்தில்தான் வந்தது. வந்த விதத்தைக் கேளுங்கள்.

எங்கள் அப்பாவுக்கு ஊர் ஆனைமலை. அம்மா காலமான பிறகு அவரைத் தனியே விட மனமில்லாமல் கோயமுத்தூருக்கு அழைத்துக்கொண்டு வந்தோம். அவர் கொண்டுவந்த சாமான்கள் இரண்டே இரண்டு: ஒரு துணிப்பை, ஒரு சைக்கிள். சைக்கிள் தேங்காய் லாரியில் வந்து சேர்ந்தது, மட்கார்டு நசுங்கி. இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், கம்பிப் பிரேக், டைனமோ விளக்கு, ஸ்பிரிங் வைத்த தோல் ஸீட்டு. நான் மேலே சொன்னேனே இரண்டாவது கேரியர், அது இந்தச் சைக்கிளுடையதுதான்.

எங்கள் வீடு கணபதியில். வாசலைத் தாண்டிச் சந்து திரும்பினால் சத்தி ரோடு. வந்த வாரத்தில் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் புறப்பட்டார். பத்து நிமிஷத்தில் அதைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார். "இந்த ஊர்ல ரோட்டத் தாண்டறதுக்குள்ள பால் தயிராயிருமாட்ட இருக்குது" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து சைக்கிள் போர்டிகோவில் நின்றது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மாதம் இப்படி. தினம் காலையில் பழைய துணியால் அதைத் துடைப்பார். பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். சக்கரம் ஓடி ஓய்ந்து நிற்கும் வரையில் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் சமையலறை ஜன்னல் வழியாக இதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் சொன்னார்: "பதினெட்டு நோம்பிக்கு ஊருக்குப் போறேன் கண்ணு. போனா அங்கயே இருந்துக்கறேன். சைக்கிளையும் கொண்டாந்து விட்டுருங்க."

"ஊரில் புதுசாக ஒன்று வாங்கித் தந்துவிடுகிறேன், மாமா" என்றார் என் வீட்டுக்காரர். அப்பா பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் அன்றிரவு இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். பன்னிரண்டு வயசு மகள் என் காதில் வந்து, "அம்மா, அப்புச்சியோட நானும் வாய்க்கால் கரையில ஓட்டணும். என் சைக்கிளும் வரணும்" என்றாள். (கொங்குப் பக்கத்தில் தாயைப் பெற்ற பாட்டனாரை அப்புச்சி என்பது வழக்கம்; மற்ற ஜில்லா வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.) ஆகவே, சைக்கிள் ஒன்றுக்கு இரண்டாயிற்று. கார் ஒன்றே ஒன்று. அதுவும் சின்னக் கார். டிக்கி என்று தனியாக முதுகு நீட்டிக்கொள்ளாமல், பின்கதவு மேல்நோக்கித் திறக்கிற ஹாட்ச்பேக் ஜாதி.

ஒரு காலத்தில் இதெல்லாம் ஒரு பிரச்னையே இல்லை. 1920-ல் ஜி. டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்ட ஆரம்பித்தார். அவிநாசி ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதே ரோட்டில் 2015-லிருந்து இருக்கும் ஜீ.டீ. கார் மியூசியத்துக்குக் குழந்தைகளை ஒரு தடவை அழைத்துப் போங்கள். சாமானைக் காருக்கு உள்ளே வைப்பதா, வெளியே கட்டுவதா என்று கார் பிறந்த நாளிலிருந்தே மனிதன் திண்டாடியிருக்கிறான் என்பது பழைய கார்களைப் பார்த்தாலே புரியும். பஸ் மாத்திரம் அந்தத் திண்டாட்டத்தைத் தலைமேல் ஏற்றுக்கொண்டது. என் சின்ன வயசில் பஸ்ஸின் டாப்பில் வாழைத்தாரும் வெல்ல மூட்டையும் கோழிக்கூடையும் நடுவே ஒரு சைக்கிளும் போகும். லக்கேஜுக்கு ஒரு டிக்கட் வாங்கினால் தீர்ந்தது விஷயம்.

அம்பாஸடர் காரும் அதற்கு வாகாகத்தான் இருந்தது. அதன் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வழிய ஒரு சின்னக் காடி இருக்கும். அந்த விளிம்பைக் கேரியரின் கால்கள் கவ்விக்கொள்ளும். ஒரு கல்யாண வீட்டுப் பாத்திரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றிப் போனவர்கள் உண்டு. இப்போதைய கார்களுக்கு அந்தக் காடி இல்லை. கூரை வழுக்குத் தலைபோல் இருக்கிறது. சில சின்னக் கார்களில் கூரையின் இரு ஓரத்திலும் அழகாக இரண்டு கம்பி ஓடும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்! பல மாடல்களில் அது வெறும் கவரிங் நகை. பாரம் தாங்குகிற உத்தேசத்தோடு வைத்தது அல்ல. காரோடு கொடுக்கும் புத்தகத்தில் இதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் புத்தகத்தை நாம் யாரும் உறையைக்கூடப் பிரிப்பதில்லை.

எதிர்வீட்டுப் பையன் வேறு யோசனை சொன்னான். பின்கதவிலே நாடாக்களால் கட்டித் தொங்கவிடுகிற கேரியர் ஒன்று அவனிடம் இருந்தது. இரவலாக மாட்டிப் பார்த்தோம். ஏற்றி இறக்குவது சுலபம். இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் போதும். ஆனால் சைக்கிளை மாட்டியவுடன் நம்பர் பிளேட் மறைந்தது. சிவப்பு விளக்கில் ஒன்றும் மறைந்தது. பின்னால் வருகிற லாரிக்காரனுக்கு நாங்கள் பிரேக் போடுவது எப்படித் தெரியும்? நம்பர் பிளேட்டை மறைப்பது சட்டப்படியும் குற்றம். சாமான் பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ அனுமதித்த அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் 2019-ல் செய்த திருத்தத்தின்படி அபராதம் இருபதாயிரம் ரூபாய். அந்தத் தொகைக்குப் புதுச் சைக்கிளே வாங்கிவிடலாம் என்று சொல்ல என் வீட்டுக்காரர் வாயெடுத்தார். அப்பா உட்கார்ந்திருந்த திசையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இன்னொன்று: அந்தக் கேரியரின் மேல் கொக்கிகள் பிடித்திருந்தது கண்ணாடிக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் உதட்டை. அதன்மேல் இருபத்தொரு கிலோ சைக்கிளைத் தொங்கவிட எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே, கூரைதான் என்று முடிவாயிற்று. நகரத்தில் ஒரு கடையில் இரும்புக் கேரியர் ஒன்று வாங்கினோம். பார்க்கப் பிரமாதம்! கட்டில்போல் இருந்தது. கடைப் பையன் பத்து நிமிஷத்தில் மாட்டிவிட்டு, "யானையையே ஏத்தலாம்" என்றான். ஆனைமலைக்குப் போகிறவர்களிடம் இப்படிச் சொன்னால் நம்பத்தானே தோன்றும்?

வெறும் கேரியரோடு ஹோப் காலேஜ் வரையில் ஒரு நடை போய்ப் பார்த்தோம். திரும்பும்போது ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. வீட்டுக்காரர் சற்றுப் பலமாகப் பிரேக் போட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்னங்கால் இரண்டும் இரண்டு விரற்கடை முன்னால் நகர்ந்திருந்தன. பெயின்டில் இரண்டு கீறல். பாரமே இல்லாதபோது இப்படி! மேலே இரண்டு சைக்கிள் இருந்து, முன்னால் ஒரு ஸ்கூட்டரில் கைக்குழந்தையோடு யாராவது போய்க்கொண்டிருந்தால்? அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் உறை பிரிக்காத அந்தப் புத்தகத்தைப் பிரித்தேன். எங்கள் கார்க் கூரைக்கு மொத்தம் ஐம்பது கிலோதான் என்று போட்டிருந்தது. உங்கள் காருக்கு வேறு கணக்காக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது என்பது கேரியரின் எடையும் சேர்த்து! உடனே உடம்பு எடை பார்க்கிற மிஷினைப் போர்டிகோவுக்குக் கொண்டுவரச் சொன்னேன். வீட்டுக்காரர் முதலில் தாம் மட்டும் ஏறி நின்றார். பிறகு ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக்கொண்டு ஏறினார். அவர் எடையைக் கழித்துவிட்டால் சாமானின் எடை. (அவர் எடையை இங்கே நான் எழுதக்கூடாது என்பது நிபந்தனை.) இரும்புக் கேரியர் பத்தொன்பது கிலோ. சைக்கிளை நிறுத்தும் தட்டுகள் இரண்டும் சேர்ந்து ஆறு. அப்பா சைக்கிள் இருபத்தொன்று. மகள் சைக்கிள் பதினாலு. கூட்டிப் பாருங்கள்: அறுபது! மளிகைக் கணக்கில் பத்து ரூபாய் உதைத்தாலே விடமாட்டோம், இங்கே பத்து கிலோ உதைத்தது.

கோயமுத்தூரில் ஒரு விசேஷம் உண்டு. எந்தச் சாமானில் எந்தக் கோளாறு வந்தாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு லேத்துப் பட்டறை இருக்கும். பஞ்சாலைகளுக்கு உதிரிச் சாமான் செய்ய ஆரம்பித்து, கிணற்றுக்குப் பம்ப்செட்டு, நம் வீட்டுக்கு வெட்கிரைண்டர் என்று வளர்ந்த ஊர் இது. கணபதியிலே ஒவ்வொரு சந்திலும் இரும்பு கடைகிற சத்தம் கேட்கும். எங்கள் சந்து முனைப் பட்டறைக்காரருக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கேரியரைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

"ஏனுங்க அம்மிணி, எந்த ஊருக்குப் போறீங்க?"

"ஆனைமலைக்குங்க."

"எப்பங்க?"

"பதினெட்டு நோம்பிக்குங்க."

"அப்ப ஆடிக் காத்துல போறீங்க" என்றார். அதற்குமேல் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு அவர் சொன்னதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். "மேல இருந்து அழுத்தற பாரத்தப் பத்திப் பயமில்லீங்க. அதக் கூரை தாங்கிக்கும். பிரேக் போட்டா சைக்கிள் முன்னால பாயப் பாக்கும். கெளம்பறப்ப பின்னால இழுக்கும். காத்து பக்கவாட்டுல தள்ளி மேல தூக்கும். நாலு காலும் இந்த மூணுக்கும் அசையாம நிக்கோணும். கம்பி கனமா இருந்து என்னங்க பண்றது? காலு புடிக்கோணுமில்லீங்களா?"

இரும்புக் கட்டிலைக் கழற்றச் சொல்லிவிட்டார். அதற்குப் பதில் அந்த மாடல் காருக்கென்றே அளவெடுத்துச் செய்த இரண்டு அலுமினியக் குறுக்குக் கம்பிகள் வாங்கினோம். இரண்டும் சேர்ந்து ஐந்து கிலோதான். கணக்கு நாற்பத்தாறுக்கு இறங்கிற்று. இந்த மாதிரிச் சாமான்களில் உலகப் பிரசித்தமான தூலே என்ற கம்பெனி ஸ்வீடன் தேசத்தில் 1942-ல் ஆரம்பித்ததாம். முதலில் அவர்கள் செய்தது மீன் பிடிக்கிற பொறி! கவ்விப் பிடிப்பதில் அவர்களுக்குத் தேர்ச்சி அங்கிருந்தே வந்திருக்க வேண்டும்.

பட்டறைக்காரர் மாட்டியதை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நாலு கதவையும் திறந்து வைத்தார். கூரை ஓரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தார். ஒரு மணல் இருந்தாலும் கால் வழுக்குமாம், பெயின்டும் கீறுமாம். இரண்டு கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைப் புத்தகத்தைப் பார்த்து நூல் பிடித்து அளந்தார். கொக்கிகள் கதவின் மேல்விளிம்பைக் கவ்வும்படி வைத்து, நாலு நட்டையும் ஒரே மூச்சில் முறுக்காமல், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினார். ரொம்பவும் இறுக்கினால் கூரைத் தகடு குழிந்துபோகும். கதவைச் சாத்திப் பார்த்து, ரப்பர் பட்டை மடங்கவில்லையே என்று விரலால் தடவினார். மடங்கினால் மழையில் உள்ளே ஒழுகும். கூரையில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதை 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் ஒப்புக்கொள்ளாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியில் பின்கதவைத் திறந்தார். அது மேலே எழும்பி, சைக்கிள் தட்டின் வாலில் டொக்கென்று இடித்தது! ஹாட்ச்பேக் வைத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. தட்டை நாலு விரல் முன்னால் தள்ளி வைத்த பிறகுதான் கதவு தாராளமாகத் திறந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் விடியற்காலை ஐந்தரைக்குச் சைக்கிள்களை ஏற்றினோம். ஒன்றின் முகம் முன்னால், மற்றதன் முகம் பின்னால். அப்போதுதான் ஹாண்டில்பார்கள் முட்டிக்கொள்ளாது. அப்பா சைக்கிளின் சட்டத்தைக் கவ்வுகிற இடத்தில் பழைய ட்யூப் துண்டைச் சுற்றினோம். காற்றடிக்கிற பம்பையும் மணியின் மூடியையும் அப்பாவே கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டார். மழை வந்தால் தோல் ஸீட்டு நனையுமே என்று நான் ஒரு பிளாஸ்டிக் பையை அதன்மேல் கட்டியிருந்தேன். வழியனுப்ப வந்த பட்டறைக்காரர் அதை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "இது பாராசூட்டுங்க அம்மிணி" என்றார். பிறகு, "ஈச்சனாரியில நின்னு புள்ளையாரக் கும்புடுங்க. கும்புட்டுட்டு நாலு நட்டையும் ஒருக்காப் புடிச்சுப் பாருங்க" என்றார்.

சைக்கிளோடு சேர்த்துக் காரின் உயரம் எட்டே முக்கால் அடி. ஒரு காகிதத்தில் "மேலே சைக்கிள்! எட்டே முக்கால்!" என்று பெரிதாக எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். எங்கள் போர்டிகோ எட்டடிதான்.

காந்திபுரம் தாண்டி உக்கடம் போய்ச் சேரும் வரையில் ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. உக்கடத்தில் 2024-ல் திறந்த மேம்பாலத்தின்மேல் ஏறியதும், பெரியகுளத்துத் தண்ணீரைத் தடவிக்கொண்டு வந்த காற்று முதல் தடவையாகக் காரைத் தொட்டது. குளுகுளுவென்றுதான் இருந்தது. ஆனால் மேலேயிருந்து 'ஙொய்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பட்டையாக விறைத்து நிற்கிற நாடா காற்றில் அதிர்கிற சத்தம் அது. ஓரமாக நிறுத்தி நாடாவை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் சத்தம் நின்றுவிடுகிறது. இந்த வித்தையை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் உபயோகிக்கலாம்.

ஈச்சனாரிப் பிள்ளையார் கதை கோயமுத்தூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் வைப்பதற்காக மதுரையிலிருந்து அவரை வண்டியில் கொண்டு வந்தார்களாம். இந்த இடத்துக்கு வந்ததும் வண்டியின் அச்சு முறிந்ததாம். அவர் இங்கேயே உட்கார்ந்துவிட்டார். இப்போது புது வண்டி வாங்கியவர்கள் எல்லாம் அவரிடம்தான் பூஜை போட வருகிறார்கள். பாரம் ஏற்றிக்கொண்டு போகிறவர்களின் கஷ்டம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? கும்பிட்டுவிட்டு வந்து நட்டுகளைப் பிடித்துப் பார்த்தோம். இடது பின்னங்கால் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது! புதிதாக மாட்டியது எதுவும் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் தன் இடத்தில் உட்கார்ந்து சற்றே தளரும். அந்த இடத்தில் ஒரு தடவை முறுக்கிவிட்டால் பிறகு நிற்கும்.

மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் வெட்டவெளி. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டு மலைகளுக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு இயற்கை ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக் காற்று மலையாளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்த வாசல் வழியாகக் கைவீசிக்கொண்டு நம் பக்கம் வருகிறது. கோயமுத்தூரின் சீதோஷ்ணத்தை எல்லோரும் புகழ்கிறார்களே, அதற்கு இந்த வாசலும் ஒரு காரணம். அதே காற்றில்தான் ஆடியில் அம்மியும் பறக்கும் என்கிறார்கள். பொள்ளாச்சி ரோடு வடக்கு தெற்காக ஓடுகிறது. காற்று மேற்கிலிருந்து குறுக்கே அடிக்கிறது. டிரைவர் இருக்கிற பக்கத்தில் ஓயாமல் ஒருவர் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. எதிரே லாரி வந்தால் ஒரு நிமிஷம் காற்று மறையும். லாரி தாண்டியதும் பளாரென்று அறையும். வீட்டுக்காரர் வேகத்தை ஐம்பதுக்குக் குறைத்தார். யாரும் பேசவில்லை.

கிணத்துக்கடவுக் குன்றின்மேல் வேலாயுதசாமி கோயில் தெரிந்த சமயம். 'டக்... டக்... டக்...' என்று தலைக்கு மேலே சத்தம்! எனக்கு அடிவயிற்றில் சில்லென்றது. ஓரம் கட்டினார். இறங்கி அண்ணாந்து பார்த்தால், கேரியர் கல்லுப்போல் நிற்கிறது. மகள் சைக்கிளின் பெடல் காற்றில் தானாகச் சுற்றி, சைக்கிளைப் பிடித்திருக்கும் கைப்பிடியில் இடித்துக்கொண்டிருந்தது. ஆபத்தில்லை, ஆனால் அந்தச் சத்தத்தோடு இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் எனக்கு என்னவாவது ஆகியிருக்கும்.

அப்பா மெள்ள இறங்கினார். துணிப்பையிலிருந்து ஒரு சாண் தேங்காய்நார்க் கயிறு எடுத்தார். எட்டு மாதமாக அந்தப் பையில் அது இருந்திருக்கிறது! கார்க் கதவின் வாசற்படிமேல் ஏறி நின்று பெடலைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்து, "இனிப் போலாமுங்க" என்றார். கோயமுத்தூருக்கு வந்த பிறகு அவர் ஒரு வேலையைச் செய்து முடித்துவிட்டு நிமிர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பொள்ளாச்சி தாண்டினால் தென்னந்தோப்புகள் இரண்டு பக்கமும் வந்து காற்றைப் பிடித்துக்கொள்கின்றன. தோப்புக்குள் மேலே மட்டைகள் பேயாட்டம் ஆடும். கீழே கோலப்பொடி கலையாது. ஆனைமலைக்குப் போனதும் முதலில் மாசாணியம்மன் கோயிலுக்குப் போகவேண்டும் என்று நான் சொன்னேன். நியாயம் கேட்டு மிளகாய் அரைத்துப் பூசுகிற நீதிக்கல் உள்ள கோயில் அது. எனக்கு யார்மேலும் வழக்கில்லை. சௌக்கியமாக வந்து சேர்ந்ததற்கு ஒரு கும்பிடு போடத்தான். "சைக்கிள எறக்கிட்டுப் போலாம்" என்றார் அப்பா. அம்மனும் காத்திருந்தாள்.

ஆழியாற்றுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் கரையில் இறக்கினோம். மணியின் மூடியைத் திருகி மாட்டினார். இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்தார். வேட்டியை மடித்துக் கட்டி, இடது காலைப் பெடலில் வைத்து மூன்று எட்டுத் தத்திப் போய் ஏறினார். சைக்கிள் ஒருமுறை வாய்க்கால் பக்கம் சாய்ந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு நேராயிற்று. மணிச் சத்தம் கேட்டது. "அப்புச்சி, இருங்க!" என்று கத்திக்கொண்டே மகள் பின்னால் போனாள். தோப்பு வளைவில் இருவரும் மறைகிற வரையில் நானும் வீட்டுக்காரரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

மறுநாள் ஆற்றங்கரையில் நோம்பி கும்பிட்டு, சித்ரான்னம் சாப்பிட்டு, சாயங்காலம் புறப்பட்டோம். திரும்பும்போது மேலே ஒரு சைக்கிள்தான். காலியான தட்டு வழி முழுவதும் ஊளையிட்டுக்கொண்டே வந்தது. காலிக் கேரியரும் காற்றை மறிக்கும், பெட்ரோல் குடிக்கும். ஊர் வந்ததும் கழற்றிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தோம். பேச்சு சுவாரசியத்தில் வீடு வந்துவிட்டது. நான் இறங்கி கேட்டைத் திறந்தேன். வீட்டுக்காரர் வழக்கம்போல் நேராகப் போர்டிகோவுக்குள் விட்டார். மூக்குக்கு எதிரே ஒட்டியிருந்த காகிதத்தை இரண்டு நாள் பார்த்துப் பார்த்து அவர் கண்ணுக்கு அது காகிதமாகவே தெரியவில்லை.

"அப்பா! சைக்கிள்!" என்று மகள் பின் ஸீட்டிலிருந்து வீறிட்டாள்.

போர்டிகோவுக்கும் ஹாண்டில்பாருக்கும் நடுவே ஒரு ஜாண் இருந்தது. நான் அளந்து பார்த்தேன்.

அன்று இரவே கேரியரைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. நட்டு முறுக்குகிற சாவியை மாத்திரம் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தீபாவளிக்குத் தேடாமல் இருக்க.

மறுநாள் காலை ஆறரைக்கு ஊரிலிருந்து போன் வந்தது. "போயிப் பால் வாங்கியாந்துட்டேன் கண்ணு" என்றார் அப்பா. "தயிராகலே."